எரேமியா 29:11-ஐ 28-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள்

அண்ணாச்சி, உங்கள் பதிவில் பைபிளின் எரேமியா 29:11-ஐ (‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே’ என்று கர்த்தர் சொல்லும் வசனம்) போட்டு ‘இந்த வாக்குத்தத்தம் யாருக்கு வந்ததோ அவங்க கஷ்டம் இந்த வருஷத்துக்குள்ள தீரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நம்ம திருநெல்வேலிப் பக்கம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையை பீரோ கண்ணாடியில் செருகி வைத்து, டிசம்பர் வரை பார்த்துப் பார்த்து ஏங்குகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் இப்படிச் சொல்லலாமா?

முந்தின வசனத்தையும் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்புதான் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. இது கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எலெயாசாவின் கையிலும் கெமரியாவின் கையிலும் கொடுத்தனுப்பிய நிருபம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அங்கேயே செத்திருப்பார்கள். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரை வருகிறது.

சீக்கிரம் தீரும் என்று சொன்னவன் பொய்த் தீர்க்கதரிசி அனனியா. 28-ஆம் அதிகாரத்தில் பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்து, இரண்டே வருஷத்தில் சிறையிருப்பு தீரும் என்றான். ஜனங்களைப் பொய்யை நம்பவைத்தாய் என்று கர்த்தர் அவனைக் கண்டித்தார், அந்த வருஷமே செத்துப்போனான்.

வசனம் நமக்கும் ஆறுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கர்த்தர் சொல்லாத கெடுவை நாம் சேர்க்கக் கூடாது. தயவுசெய்து ‘இந்த வருஷத்துக்குள்ள’ என்பதை எடுத்துவிட்டு, பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் போடுங்கள்.