பில்லின் அடியில் ஒட்டிய வரி

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது ‘ஒரே நாடு, ஒரே வரி’ என்றார்கள். சரி, ஓட்டலுக்குப் போனால்? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் 12 சதவீதம், ஏசிக்கு 18. இட்லி என்னவோ அதே இட்லிதான். ஊரே கத்தியபின் நவம்பரில் 5 ஆக்கினார்கள். வரி குறைந்த கையோடு பல கடைகளில் தோசை விலை ஏறியது.

முக்கூடல், கடையம் பக்கம் மடியில் தட்டோடு பீடி சுற்றும் அக்காமார் இன்னும் பாவம். பீடிக்கு 28, இலைக்கு 18 என்று இருந்தது. பீடிக்கு 18 ஆனதே 2026 பிப்ரவரியில்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது டவுனில் ஒரு சின்னக் கடையால். காம்போசிஷன் திட்டம் என்றால், சின்னக் கடைக்காரர் தன் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டுவது. அதில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. அங்கே சுவரில் ‘காம்போசிஷன்’ என்று போர்டு தொங்குகிறது, கையில் தரும் பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5.

“அண்ணாச்சி, நீங்க வரி வாங்கக் கூடாதுல்லா?”

“கம்ப்யூட்டர்ல தானா வருது தம்பி, நான் என்ன செய்ய?”

தானாக வருகிறதாம்! மீதிச் சில்லறை மட்டும் ஒருநாளும் தானாக வந்ததில்லை. அதற்கு ஒரு மிட்டாய். அந்த மிட்டாய்க்குப் பில் கேட்டால் முறைக்கிறார்.