கருப்பாக இருந்தால் போதை அதிகமா?
"ஸ்டவுட் என்கிற பியர் இவ்வளவு கருப்பு, அதனால் சாதாரண பியரைவிடப் போதை ஜாஸ்தி, காபித் தூள் வேறு கலக்கிறார்கள்" என்கிறீர்கள். இரண்டுமே தப்புங்க. அயர்லாந்தின் கார்லோவில் 1996-இல் தொடங்கிய சின்ன ஆலையின் ஓ'ஹாராஸ் ஸ்டவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆல்கஹால் 4.3% தான், பொன்னிறத்தில் அப்பாவியாகத் தெரியும் பெல்ஜியத்து டூவெல் பியர் 8.5%! நிறம் வருவது வறுத்த பார்லியால், மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே அட்டைக் கருப்பாகிவிடும். காபிக்கொட்டையைப் போல 200 டிகிரிக்கு மேல் வறுப்பதால்தான் அந்தக் கசப்பும் வாசமும் (சில ஆலைகள் நிஜமாகவே காபி சேர்ப்பதுண்டு, அதைப் பெருமையாக லேபிளிலேயே போட்டுவிடுவார்கள்). போதையைத் தீர்மானிப்பது ஈஸ்டுக்குத் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) தின்னக் கிடைக்கும் சர்க்கரை, அதைத்தான் அது ஆல்கஹாலாக மாற்றுகிறது.

அதற்காக எல்லா ஸ்டவுட்டும் சாது என்று நினைத்துவிடாதீர்கள், இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8%.

அப்புறம், "வெறும் கசப்பு, வேறு ருசியே இல்லை" என்றதற்கு: ஐஸ் மாதிரி குளிரவைத்துக் குடித்தால் அப்படித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, 10 டிகிரி வாக்கில் குடித்துப் பாருங்கள், டார்க் சாக்லேட் வாசம் மெல்ல மேலே வரும்.