தலைசுற்றலுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு மருந்தா?

‘வயதானவர்களுக்குத் தலை சுற்றினால் அது பித்தம் அல்லது ரத்த அழுத்தக் குறைவுதான்; எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடித்தால் நின்றுவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழல்வதுபோல் தோன்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் தலைசுற்றலுக்கு, உள்காதிலுள்ள நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம்பெயர்ந்து, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்களுக்குள் புகுந்துவிடுவதே பெரும்பாலும் காரணம். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறைப்படி தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, அத்துகள்களை அக்குழாயிலிருந்து மருத்துவர் வெளியேற்ற முடியும்; பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே குணம் தெரிகிறது. எந்தப் பானமும் இந்தத் துகள்களை நகர்த்தாது.

எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் (120/80 என்பதில் 120) 20 புள்ளிகளோ அதற்கு மேலோ சரிவது உண்மையான அழுத்தக் குறைவுதான் என்றாலும், அதற்கு ரத்த அழுத்த மாத்திரையோ புரோஸ்டேட் மாத்திரையோகூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. இதயச் செயலிழப்பு உள்ளவர் தாமாகவே உப்பைக் கூட்டுவது ஆபத்து.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்கவே இயலாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். சாறு பிழிந்துகொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.