ரேடா16 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது

தானாகக் கூடி ஜெல்லாகும் பெப்டைடுகளை (அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகளை) ‘வருங்கால மருத்துவம்’ என்கிறது உங்கள் கட்டுரை. அவற்றில் ஒன்றான ரேடா16, ரத்தக் கசிவை நிறுத்த இப்போதே எண்டோஸ்கோபி அறைக்கு வந்துவிட்டதே! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வாளர் ஷுகுவாங் ஜாங், ஈஸ்ட் புரதம் ஒன்றில் கண்ட அமைப்பிலிருந்து வளர்ந்தது இது. மொத்தமே 16 அமினோ அமிலங்கள். சிரிஞ்சில் இருக்கும்போது அமிலத்தன்மையுள்ள தெளிந்த நீர்மம். ரத்தம் பட்டதும் அமிலத்தன்மை தணிந்து, உப்பும் சேர, நானோ இழைகளாகப் பின்னிக் கசிவை அடைத்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கண்ணாடித் தன்மைதான். ஜெல் மூடியிருந்தாலும் ரத்தம் வரும் இடம் டாக்டருக்குத் தெரியும். ரத்தத்தை நிறுத்தும் பவுடரைத் தூவினால் பார்வையே மறைந்துவிடும். ஆனால் பீறிட்டு அடிக்கும் தமனிக்கு இது மட்டும் போதாது, ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் போன்றவை வேண்டும். அதையும் தயவுசெய்து சேருங்கள், நோயாளிகளின் வீட்டாரும் இதைப் படிக்கிறார்கள்.