கணக்கு நோட்டைத் திறக்கிற ஆறு பேர்

வியாபாரிகள் நாலு பேர் கூடினாலே விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வது, ‘எனக்கு ரெண்டு ஆர்டர் பிடிச்சுக் கொடுங்க, நானும் பிடிச்சுத் தாரேன்’ என்று பேசுவது என்றாகிவிட்டது. அதில் தப்பில்லை. நானும் போயிருக்கிறேன், ஆர்டரும் கிடைத்திருக்கிறது. ஆனால் நம்ம ஊர்ச் சிறுதொழில்காரர்களுக்கு ஆர்டரைவிட அவசரமாகத் தேவைப்படுவது, கணக்கு நோட்டை விரித்துவைத்துக் கூச்சமில்லாமல் பேசுவதற்கு ஐந்தாறு சக தொழில்காரர்கள். மாஸ்டர்மைண்ட் குரூப் என்று இதற்குப் பெரிய பேர் இருக்கிறது. நாங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்கிறோம்.

எனக்கு இது உறைத்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அட்டைப்பெட்டி பிரஸ் வைத்திருக்கிறேன். அல்வா டப்பா, மிக்சர் டப்பா அடிக்கிற வேலை. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் பிரஸ்ஸுக்குள் இடுப்பளவு தண்ணீர். போர்டு ஷீட் கட்டுகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஒரு கட்டைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. பேங்க் கடன் இருந்ததால் மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஸ்டாக்குக்கு இல்லை. இருபது வருஷத்தில் ‘ஸ்டாக்குக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீரா?’ என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நானும் யாரிடமும் தொழிலைப் பேசினதில்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். வேலையாட்களிடம் சொன்னால் வேறு இடம் பார்ப்பார்கள். ஆடிட்டரைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தடவை.

அடுத்த வருஷம் தொடங்கிய முதல் கூட்டம் நாலே மாதத்தில் உடைந்தது. தப்பு என்னுடையது. பதினான்கு பேரைச் சேர்த்தேன், அதில் இரண்டு பேர் ஒரே தொழில். ஒருவர் தன் பாக்கியைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். அடுத்த வாரமே அவருடைய சரக்குக்காரர் காதுக்குப் போய், கடனுக்குச் சரக்கு தருவது நின்றுபோனது. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்கு இன்னும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது ஆறே பேர். மேலப்பாளையத்தில் தையல் யூனிட், பத்தமடைப் பாய், பேட்டையில் லேத் பட்டறை, கல்லிடைக்குறிச்சி அப்பளம், பாளையங்கோட்டையில் நர்சரி, நான். ஒருத்தர் தொழிலில் இன்னொருத்தர் இல்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய், சாயங்காலம் ஆறரை மணி, பிரஸ் மாடி. கதவைச் சாத்தினால் உள்ளே பேசியது உள்ளேயே. எங்களுக்குள் கைமாத்து கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது, சீட்டு கிடையாது. இதில் நான் ரொம்பக் கறார். பணம் நடுவில் வந்துவிட்டால் அப்புறம் யாரும் உண்மைக் கணக்கைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஒருத்தர் முறை. அவர் பிரச்சினையைச் சொன்னதும் கால் மணி நேரத்துக்கு மற்றவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். யோசனை சொல்லக் கூடாது. நம்ம ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். வாய் திறந்தாலே ‘நான் சொல்லுதேன் கேளும்’ என்றுதான் வரும். நடத்துகிறவன் வேலையே அதை நிறுத்திவைப்பதுதான்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அப்பளம் போடுகிற அக்கா அனுமதி தந்ததால் எழுதுகிறேன். ஒரு பெரிய கடைக்கு மாதம் அறுபதாயிரத்துக்குச் சரக்குப் போடுகிறார். நாலு மாத பில் நிலுவை. உளுந்து வாங்க ரெண்டு லட்சம் வெளியில் வாங்கியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் கடன் எங்கே வாங்கலாம் என்பதுதான் அவர் கொண்டுவந்த கேள்வி.

லேத் பட்டறை அண்ணாச்சி கேட்டார்: “அந்தக் கடை போச்சுன்னா ஒங்களுக்கு மாசம் எவ்வளவு கொறையும்?”

“கணக்குப் போட்டதில்ல அண்ணாச்சி. பெரிய கடையில்லா, விட மனசு வரல.”

“இப்பப் போடுங்க.”

அக்கா பால் பாக்கெட் கணக்கு எழுதுகிற நீள நோட்டை எடுத்தார். அறுபதாயிரத்தில் லாபம் ஏழாயிரம். ரெண்டு லட்சத்துக்கு மூணு வட்டி, மாதம் ஆறாயிரம். ஏழிலிருந்து ஆறைக் கழித்துவிட்டு அந்த ஆயிரத்தைச் சுற்றி வட்டம் போட்டார். பேனாவை மூடவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மாவு பிசைய, தேய்க்க, காயவைக்க ஒரு மாத உழைப்புக்கு மிஞ்சுவது அந்த ஆயிரம்.

அதற்குப் பிறகுதான் யோசனை சொல்லும் நேரம். நர்சரிக்காரர் ‘உத்யம் பதிவு இருக்கா?’ என்றார். சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தருகிற பதிவு அது. அக்காவிடம் இருந்தது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப்போல் (பேங்க் ரேட்) மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. போதாததற்கு 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கிற வருஷத்தில்தான் வாங்கினவர் வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியும். வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, தயாரிக்கிறவர்களுக்கு உண்டு. அக்கா மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தார். ரெண்டு தவணையில் பணம் வந்தது. கடையும் போகவில்லை.

‘இதெல்லாம் அமெரிக்காக்காரன் பழக்கம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். பழக்கம் அங்கிருந்து வந்ததாகவே இருக்கட்டும். 1727-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இப்படி ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடங்கியபோது அவருக்கு இருபத்தொரு வயது, அச்சகத் தொழிலாளி. உடன் இருந்தவர்களில் கண்ணாடி பதிக்கிறவர், தச்சர், குமாஸ்தா எல்லாம் உண்டு. ஒருத்தர் பேச்சைப் பட்டென்று மறுத்தால் சின்ன அபராதம் போட்டிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாங்களும் கேள்வி நேரத்தில் யோசனை சொன்னால் பத்து ரூபாய் வைத்திருக்கிறோம். டீ, வடைச் செலவு அதிலேயே பாதி தேறிவிடும்.

வருகிற செவ்வாய் என் முறை. அட்டையை டப்பா வடிவத்துக்கு வெட்டுகிற டைகட்டிங் மெஷின் வாங்கலாமா, வெளியில் கொடுத்தே வெட்டி வாங்கிக்கொண்டிருக்கலாமா என்பது கேள்வி. கொட்டேஷனும் மூணு வருஷ லாப நட்டக் கணக்கும் எடுத்துவைத்திருக்கிறேன். அம்பை, தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் யாராவது இப்படி ஆறு பேர் சேர்ந்தால் சொல்லுங்கள். முதல் ரெண்டு கூட்டத்துக்கு நானே பஸ் ஏறி வந்து உட்காருகிறேன். என் வெள்ள வருஷத்துக் கணக்கு நோட்டையும் கொண்டுவருகிறேன். முதலில் அதைத் திறந்து ஆரம்பிக்கலாம்.