பிள்ளைகள் வெளியிலா?

நான்கு மாதங்களில் வாடகைக்குப் பதினேழு வீடுகள் பார்த்துவிட்டோம். பதினேழிலும் கதவைத் திறந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: "பிள்ளைகள் வெளியிலா?" வெளி என்றால் வெளிநாடு. கொழும்பு வெள்ளவத்தையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. "ஒரே மகள், கண்டியில் படிப்பிக்கிறாள்" என்று சொன்னதும் முகம் சுருங்குகிறதே, அதைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் சம்பளம் எவ்வளவென்று அவர்களுக்குத் தெரியாதா? சரி, ஆம் என்று சொல்லிப் பார்க்கலாமென்றால் அந்த இடத்திலேயே வாடகை இருபதாயிரம் ஏறிவிடும். என்னோடு கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், பிறக்காத மகனொருவனைக் கனடாவில் குடியேற்றி வீடு பிடித்தார். இப்போது வீட்டுக்காரர் வாடகையை டொலரில் கேட்கிறாராம். அனுபவிக்கட்டும்.

நாங்கள் இருபத்தேழு வருடங்களாக ஒரே அனெக்சில், அதாவது வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதியில், இருக்கிறோம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, வாசலில் ஒரு ஜம்பு மரம், இரண்டு அறை, கீழ்வீடு. வீட்டுக்கார அம்மா காலமானார். பிள்ளைகள் காணியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துவிட்டுத் தொடர்மாடி கட்டப்போகிறார். டிசம்பர் முடிவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டும். அவர்களை நோக எனக்கு உரிமையில்லை, காணி அவர்களுடையது. என் கோபம் அதற்குப் பிறகு நடப்பவற்றின் மேல்.

கணக்கைக் கேளுங்கள். முப்பத்தைந்து வருடம் என் சம்பளத்தில் 8 சதவீதம், கம்பனி 12 சதவீதம் என்று ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்த பணம், 2021இல் கைக்கு வந்தபோது 62 இலட்சம். அரசாங்க உத்தியோகமென்றால் மாதாமாதம் ஓய்வூதியம் வரும். தனியார் கம்பனிக்காரனுக்கு இந்த ஒரு மூட்டைதான். வங்கியில் நிலையான வைப்பில் போட்டேன். அடுத்த மார்ச்சில் ரூபாய் சரிந்தது. இருநூறு ரூபாயாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360. அந்த செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. என் 62 இலட்சம் மட்டும் அசையாமல், மரியாதையாக, 62 இலட்சமாகவே இருந்தது!

இடையில் வட்டி இருபது சதவீதத்தைத் தாண்டிய கொஞ்சக் காலம் மூச்சுவிட்டோம். அந்த வட்டியும் சாமான் விலைக்கே சரியாகப் போனது. இப்போது 8 சதவீதம் கிடைத்தாலே பெரிது. மாதம் 41 ஆயிரம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 15 சதவீதம் தந்த விசேட வைப்பை 2022இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த அரசாங்கம் மனமிரங்கி 3 சதவீதம் மேலதிகமாகத் தருகிறோம் என்றது, அதுவும் முதல் பத்து இலட்சத்துக்கு மட்டும். வட்டியில் பிடிக்கும் வரியை 5இலிருந்து 10 சதவீதமாக்கியதும் அதே அரசாங்கம்தான். வருமானம் குறைந்தவர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நான் ஏழை என்று கையொப்பமிட்டுக் கொடுத்த முதல் பத்திரம் அது.

இந்த 41 ஆயிரத்தை வைத்துக்கொண்டு வீடு தேடுகிறேன். இரண்டு அறை வீட்டுக்கு ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கேட்கிறார்கள். ஒரு வருட வாடகை அட்வான்ஸ்: 13 இலட்சத்து 20 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பராமரிப்புக் கட்டணம் வேறு. எதைப் பராமரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

எங்கள் கைக்கு ஓரளவு எட்டுவது போலிருந்த ஒரே வீடு நான்காம் மாடியில். லிப்ட் இல்லை. "நல்ல காற்று ஐயா" என்று சொல்லிக்கொண்டே புரோக்கர் தம்பி இரண்டிரண்டு படியாக ஏறினான். என் மனைவிக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். முதலாம் மாடித் திருப்பத்தில் கைபிடிக் கம்பி; கடலுப்பில் துருவேறி, பிடித்தால் கையில் செம்பொடி ஒட்டுகிறது. இரண்டாம் மாடியில் யாரோ செருப்பு அலுமாரியைப் படியிலேயே வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் அவள் நின்றுவிட்டாள். சுவரில் கைவைத்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, கண்ணால் என்னைப் போகச் சொன்னாள். நான் மட்டும் மேலே போய்ப் பார்த்தேன். குளியலறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு. ஏன் என்று கேட்டால் தண்ணீர் வெளியே வராதாம். கிழவன் கிழவி உள்ளே போவது எப்படி என்பதை யோசிக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. இறங்கும்போது எண்ணினேன். எழுபத்திரண்டு படி.

அன்று இரவு ஆத்திரம் தாங்காமல் கடலோர மெரின் டிரைவ் பக்கம் நடந்தேன். மணி ஏழரை. புதிதாகக் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடமொன்றின் எதிரே நின்று விளக்கெரியும் வீடுகளை எண்ணினேன் (இப்போதெல்லாம் எண்ணுவதே வேலையாகிவிட்டது). முப்பத்தாறு வீட்டில் பதினொன்று. மற்றவை இருட்டு. காவலாளி தெரிந்த மனிதர். "ஓகஸ்டில் வந்து பாருங்கள் ஐயா, எல்லாம் எரியும்" என்றார். ஆடிவேலும் நல்லூர்த் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் அந்த மூன்று கிழமைக்காக இருபத்தைந்து வீடுகள் வருடம் முழுவதும் ஏசியும் கட்டிலும் சோபாவுமாகப் பூட்டிக் கிடக்கின்றன! லிப்டும் இருக்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் நம்மவர் குளிரில் இரண்டு வேலை செய்து உழைத்த பணம், வாங்கியவர்களைத் திட்ட எனக்கு நா எழவில்லை. ஆனால் பவுணிலும் பிராங்கிலும் உழைப்பவர் வைத்த விலையை ரூபாயில் உழைத்தவன் எப்படிக் கட்டுவது? இதைக் கேட்டால் பொறாமை என்கிறார்கள். ஆம், பொறாமைதான். அந்த லிப்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

இனி ஆலோசகர்கள். "ஏன் கொழும்பில் கிடந்து கஷ்டப்படுகிறீர்கள், ஊருக்குப் போங்களேன்!" எந்த ஊருக்கு? நான் பிறந்தது பொரளை டி சொய்சா ஆஸ்பத்திரியில், வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். என் அப்பா 1950களில் காரைநகரிலிருந்து வந்தவர். அங்கே எங்களுக்கு மிஞ்சியிருப்பது பதினொரு பேருக்குப் பங்குள்ள ஒரு கிணறு. மனைவியின் கிளினிக் தேசிய வைத்தியசாலையில். மருந்து இலவசம், அதை வெளியே வாங்குவதென்றால் அந்த 41 ஆயிரத்தில் பாதி போய்விடும். நம்பர் எடுக்க விடியற்காலை ஐந்தரைக்கு ஓட்டோ பிடிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் ஓட்டோவிலா வருவது?

போன கிழமை ஒரு உறவுக்காரர் கைபேசிக்கு வீடியோ அனுப்பினார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, இளநீரும் கையுமாக, ஓய்வுகாலத்தைக் குறைந்த செலவில் கழிக்க இலங்கை எவ்வளவு அருமையான நாடு என்று விளக்குகிறது. உண்மைதான். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவர் 15,000 டொலர் வைப்பிலிட்டு, மாதம் 1,500 டொலர் கொண்டுவந்தால் இங்கேயே தங்க விசா கொடுக்கும் திட்டமே இருக்கிறது. டொலர் முந்நூறு ரூபாய் என்றால்கூட மாதம் நாலரை இலட்சம். அந்தத் தகுதி எனக்கில்லை. நல்லவேளை, இந்த நாட்டிலேயே பிறந்துவிட்டேன், இல்லாவிட்டால் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

வத்தளைப் பக்கம் வாடகை குறைவு. அறுபதாயிரத்துக்கு ஒரு கீழ்வீடு கிடைக்கிறது. வைப்புப் பணத்தில் கையை வைத்துத்தான் வாடகை கட்ட வேண்டும், ஆனாலும் வீடு. களனி ஆற்றுக்கு அப்பால், மழை பிடித்தால் வெள்ளம் வரும் ஒழுங்கையா என்று அயலவரிடம் விசாரிக்க வேண்டும். அங்கே ஒருவருடன் தொலைபேசியில் பேசினேன். எல்லாம் நல்லபடியாகவே போனது, என் வயதைக் கேட்கும்வரை. அறுபத்து நான்கு என்றேன். மறுமுனையில் மௌனம். பிறகு, "குறை நினைக்காதீர்கள் ஐயா, வீட்டில் ஏதும் நடந்துவிட்டால் பிறகு ஆட்கள் குடிவர யோசிப்பார்கள்" என்றார். ஏதும் என்றால் சாவு. சாவதென்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வெளியே போய்ச் சாவேன் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. வீடு தேவை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். ஒப்பந்தத்தில் எங்களோடு வயது குறைந்த ஒருவரும் கையொப்பமிட்டால் சம்மதமாம். தெஹிவளையில் இருக்கும் என் தங்கை மகன் வருகிறேன் என்றிருக்கிறான். ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு வயது இருபத்தாறு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, போன மாதம் என்னிடம் ஐயாயிரம் கைமாற்று வாங்கினான். அவன் கையொப்பம் போதுமாம்.