ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு: எங்கள் தோட்டத்து மூலையில் இருந்த குடும்பக் கல்லறைகளை வீட்டார் ஜேசிபி வைத்து இடித்து, கல்லை ரப்பர் மரத்து மூட்டில் குவித்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து விளக்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் படத்தின் கீழே வந்த கமென்ட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதி விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

கல்லறையை இடித்ததற்காக நான் சண்டைக்கு வரவில்லை. இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எல்லார் கையிலும் போன் இருந்தது. ஜேசிபி கல்லைத் தூக்குவதை வீடியோ எடுத்து, பின்னணியில் பாட்டும் சேர்த்து, குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார்கள். எழுத்து இருந்த பக்கத்தை ஒரு ஆளும் எடுக்கவில்லை.

குமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோடு பக்கம் சொந்த விளையிலேயே, அதாவது தோட்டத்திலேயே, அடக்கம் பண்ணும் வழக்கம் உண்டு. எங்கள் விளையின் மூலையில் மூன்று சென்ட், பதினோரு கல்லறை. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வெள்ளையடிப்போம். சுண்ணாம்பு எழுத்துக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து ஈர்க்கில் முனையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எடுப்பார். அவர் குத்துவார், நான் ஊதுவேன். கண்ணில் தூள் விழுந்து அழுதது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கல்லில் என்ன எழுதியிருந்தது என்பது ஞாபகம் இல்லை. இது என் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். நானும் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்.

"கல்லுல அப்படி என்ன இருந்துச்சு?" என்று கேட்ட தம்பிக்கு: எங்கள் கல்லில் இருப்பது கொல்லம் ஆண்டு, மலையாளத்துக்காரர்களின் வருஷக் கணக்கு. 1949 வரை நாங்கள் திருவிதாங்கூர் ஆட்கள், அதற்கப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-லிருந்துதான் தமிழ்நாடு. ஆவணியில், அதாவது சிங்ஙத்தில், வருஷம் பிறக்கும். ஆங்கில வருஷம் வேண்டுமென்றால் சிங்ஙத்திலிருந்து பாதித் தனு, அதாவது பாதி மார்கழி, வரைக்கும் 824-ஐக் கூட்டவேண்டும், அதற்கப்புறம் 825. '1098 துலாம் 14' என்றால் 1922 அக்டோபர் கடைசி. இது தெரியாமல் பெங்களூரில் இருக்கும் எங்கள் அண்ணன் ஒருவர் குடும்ப மரம் வரைந்து, பூட்டன் 1098-ல் இறந்ததாகப் போட்டு வைத்திருக்கிறார். முதலாம் குலோத்துங்கன் காலம்! அந்த மரத்துக்கு எண்பது லைக். நான் திருத்திச் சொன்னதற்கு ஒரு கட்டைவிரல்.

இன்னொரு கல்லில் 'மயிலாடி' என்று ஊர்ப்பெயர் இருந்தது, அது மட்டும் எனக்கு நிச்சயம். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1809-ல் கிறிஸ்தவக் கோயில் கட்டிய மயிலாடி. அங்கிருந்து ஒருத்தி இவ்வளவு தூரம் வாழ வந்திருக்கிறாள். யார் மகள், எந்த வருஷம்? கல்லில் இருந்தது. ஒரு போட்டோ எடுத்திருந்தால் இன்றைக்கும் இருந்திருக்கும்.

"சபைப் பதிவேட்டில் இருக்குமே" என்கிறார்கள். போய்ப் பார்த்தேன், எந்தச் சபை என்று கேட்காதீர்கள். கரையான் தின்றது போக மிச்சத்தில் ஆண்களுக்குப் பேர் இருக்கிறது. பெண்களுக்கு 'மேற்படியான் மனைவி'.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தி" என்று எழுதிய அண்ணாச்சிக்கு: ஆமாம், அவனுக்கு அந்தப் புத்தி இருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த அவர்கள் ஆட்களின் கல்லறை எழுத்துகளை ஜே.ஜே. காட்டன் என்ற அதிகாரி தொகுத்து 1905-லேயே புத்தகமாக வந்துவிட்டது. இங்கே பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் திருவிதாங்கூர் படைக்குத் தளபதியாக இருந்த டிலனாய் படுத்திருக்கிறார். 1777-ல் செத்தவர். லத்தீனிலும் தமிழிலும் எழுதின கல் இன்னும் இருக்கிறது, நாமே குடும்பத்தோடு போய்ப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். கடல் தாண்டி வந்த தளபதியின் கல்லைப் பார்க்கக் கார் எடுத்துக்கொண்டு போகத் தெரிகிறது. நம்ம பூட்டியின் கல் கார் திரும்ப இடைஞ்சல்.

வேதத்தோடு வந்தார் ஒரு சித்தப்பா. 'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்.' சரி சித்தப்பா. அது மத்தேயுவில் வருகிற வசனம். அதே மத்தேயு முதல் அதிகாரத்தில் எதோடு தொடங்குகிறது? இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வரிசையாக வம்சத்தோடு. கானானில் ஆபிரகாம் காசு கொடுத்து வாங்கிய நிலம் எது? வீடு கட்டவா வாங்கினார்? சாராளை அடக்கம்பண்ண, நானூறு சேக்கல் வெள்ளி. சும்மா தருகிறேன் என்று சொன்னபோதும் எண்ணிக் கொடுத்து வாங்கினார். இதற்குச் சித்தப்பா இன்னும் பதில் போடவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

இடம் போதவில்லை, பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், சென்ட் என்ன விலை தெரியுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயம்தான். நான் வீடு கட்ட வேண்டாம் என்றா சொன்னேன்? சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பி நிற்கும். வெயில் இல்லையென்றால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். பதினோரு கல்லுக்கு அரை மணி நேரம். ஜேசிபிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கலாம்.

கடைசிக் கமென்ட்டுக்கு வருகிறேன். போட்டவர் அழித்துவிட்டார், நான் அதற்குள் படித்துவிட்டேன். 'கட்டிக் கொடுத்து விட்ட பிள்ளைக்கு இதில் என்ன பேச்சு?'

1916-ல் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் வந்தது. மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, இல்லையென்றால் ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் என்ற பெண் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1986-ல் அதை முடித்து வைத்தார். தீர்ப்பு எனக்கும் தெரியும். தெரிந்தும் அப்பா இறந்த வருஷமே சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் முகத்துக்காக. எத்தனை சென்ட் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பொரிச்ச மீனோடு சாப்பாடு வாங்கித் தந்தார்கள், 'நம்ம பிள்ளை தங்கம்' என்றார்கள். மூன்று மாதம் முன்னால் அதே குடும்ப குரூப்பில் "மூலையைத் தொடும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணா, வந்து எழுத்தை எடுத்துக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மைனி மட்டும் கும்பிடும் கை போட்டிருந்தாள்.

கல்லைக் கேட்கவில்லை, காணியைக் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் ராத்திரி பஸ் பிடித்து வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குவியலில் இரண்டு மணி நேரம் கிண்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடைத்தது. ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறின எழுத்து. பழைய மாதிரி, துணைக்கால் தனியாக இல்லாமல் ஒட்டிச் சுழித்த றா, பக்கத்தில் ள், புள்ளி இல்லை. றாள். எங்கள் ஊர்க் கல்லில் சாராளைச் சாறாள் என்றுதான் எழுதுவார்கள். சாறாளாக இருக்கலாம். வேறு ஒருத்தியாகவும் இருக்கலாம். எழுத்தின் குழியில் இன்னும் வெள்ளை படிந்திருந்தது.

அண்ணனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பி, "இது எந்தக் கல், எந்த வரிசை?" என்று கேட்டேன். அங்கே இன்டர்லாக் கல் போட்டாச்சு, கார் இப்போ நேராக உள்ளே வரும் என்று பதில் வந்தது.